பூஜைக்குக் கழுவிய கிளாம்ப்

வீடு தேடிப்போய்க் கார் பழுது பார்க்கும் வேலையிலிருந்து இந்த வருஷம் விலகிவிட்டேன். ஓய்வு என்ற சொல் என் வயதுக்குப் பொருந்தாது. தலையில் இன்னும் ஒரு நரைகூட இல்லை. வலது மணிக்கட்டுக்கு மட்டும் வயதாகிவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஸ்பேனர் பிடிக்கிற வேலை இனி வேண்டாம் என்றார். சப்பாத்தி மாவு பிசையலாமா என்று கேட்டேன். அதுவும் வேண்டாம் என்றார். அதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

இப்போது ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் மைசூர் அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன். ஸ்ப்ரிங் மாற்றும் வேலையை இனி வீடுகளில் செய்யக்கூடாது, காரை ஷெட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் டிப்ளமா பெண்கள் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன்க்கா, நீங்க எத்தனை வீட்ல மாத்தியிருக்கீங்க. இப்ப மட்டும் நமக்கு என்ன பயமா?" என்று டீ குடிக்கும்போதெல்லாம் கேட்கிறார்கள்.

"ஆமா, பயம்தான்" என்கிறேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மார்டள்ளி எனக்கு ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மக்காச்சோளம் ஒடிக்கப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தேன், வகுப்பில் ஒரே பெண். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எடுத்தேன். அங்கே இரண்டு வருஷமும் என்னை ஸ்டோர் ரூமிலேயே வைத்திருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நட்டு, போல்ட்டு அளவெல்லாம் கண்ணால் பார்த்தே சொல்லும் பழக்கம் மட்டும் வந்தது.

மைசூரில் இந்த வேலை கிடைத்தபோது அப்பாவுக்குச் சந்தோஷம் இல்லை. "காருக்கு அடியில போயிப் படுக்கறதுக்கா உன்னயப் படிக்க வெச்சேன்?" என்றார்.

"படிக்காம படுத்தாத்தான்ப்பா கார் மேல விழும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பச் சரி" என்றார்.

முதல் சில வருஷங்கள் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான். "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" வந்துட்டார் சார் என்பேன். என்னோடு உதவிக்கு வரும் மஞ்சு மைசூர்க்காரன், என் வயதுதான். வேண்டுமென்றே ஸ்பேனர் பையை என் தோளில் மாட்டிவிட்டு, "மேடம்தான் டாக்டரு, நான் கம்பவுண்டரு" என்பான். சிரித்துவிட்டுக் கதவைத் திறப்பார்கள். சிலர் சிரிக்காமல், நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிவரை காவல் இருப்பார்கள். அப்படி உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்து போகும்போது குறை சொன்னதில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மைசூரில் ஸ்ப்ரிங் உடைவது புதிதல்ல. தெருவுக்குத் தெரு வேகத்தடை. கூடவே பழைய காரில் ஆறு பேர் ஏறிக்கொண்டு நஞ்சன்கூடு கோயிலுக்குப் போய்வருகிற குடும்பங்கள். முன்சக்கரத்துக்கு மேல் இருக்கும் சுருள் கம்பியின் கடைசிச் சுற்று ஒருநாள் 'டங்' என்று முறியும். கார் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். ஸ்டீயரிங் திருப்பினால் உள்ளே ஏதோ முறுக்கிக்கொள்கிற சத்தம் வரும்.

மாற்றுவது எப்படி என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செய்வதற்குத்தான் பாதி நாள் ஆகும். தரை சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் சாக்கடைக்கு மேல் போட்ட கல்பலகையில்தான் பாதிக் காரை நிறுத்தியிருப்பார்கள். அதன் மேல் ஜாக்கி வைக்கக்கூடாது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, காரைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயைத் தாங்கியிலிருந்து விடுவித்து, கீழ் போல்ட்டுகள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு கழற்ற வேண்டும். பிரேக் அப்படியே தொங்கினால் குழாய் இழுபடும். கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும். பிறகு ஒருவர் கீழே தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் பானெட்டுக்குள் மேல் நட்டுகளைக் கழற்றினால் ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்ப்ரிங்கும் ஒன்றாகக் கைக்கு வரும்.

அதுவரை அது வெறும் பாரமான சாமான். அதற்குப் பிறகுதான் ஆபத்து. ஸ்ப்ரிங் அந்த நிலையிலும் தளர்ந்து இல்லை, அழுந்தித்தான் இருக்கிறது. தலையிலிருக்கும் நட்டைக் கழற்றினால் மேல்மூடியோடு பறக்கும். அதனால் இரண்டு பக்கமும் நேருக்கு நேராகக் கொக்கி வைத்த கிளாம்ப் மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கையாலேயே முறுக்கி ஸ்ப்ரிங்கை அமுக்க வேண்டும். அது தன் இருக்கையைவிட்டுத் தளர்ந்து கையால் சுழற்ற முடிகிறபோதுதான் தலை நட்டைத் தொடலாம். மெஷின் போட்டு முறுக்கக்கூடாது. மெஷினுக்குக் கனம் தெரியாது. எங்கே கனக்கிறது, எங்கே சிக்குகிறது என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். அதற்கான விலையை மணிக்கட்டு கொடுத்துவிட்டது.

எங்கள் மேற்பார்வையாளர் வசந்தி மேடம். ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ்தான், ஆனாலும் பெண்களிடம் பேசும்போது கன்னடத்து 'கணே', நம் 'டீ' மாதிரி, வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. பாராட்டியதும் இல்லை. வேலை முடிந்தது என்று போன் செய்தால் "ம்" என்பார். அந்த 'ம்' நீண்டால் அடுத்த வேலை தயாராக இருக்கிறது என்று அர்த்தம். லீவு கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்பார்.

ஸ்ப்ரிங் வேலை என்றால் மட்டும் ஒரு முறை வைத்திருந்தார். கிளாம்ப் மாட்டியதும் அவருக்குப் போன் செய்ய வேண்டும். கிளாம்ப் சரியா, மரை பிடித்திருக்கிறதா என்றெல்லாம் கேட்க மாட்டார். ஒரே கேள்வி. "நீ எங்க நிக்கறே?" ஸ்ப்ரிங்கின் இரண்டு முனைகளும் பார்க்கிற திசையில் நான் இல்லை, மஞ்சு இல்லை, வீட்டுக்காரர் இல்லை என்று சொன்னால்தான் வைப்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. டிப்ளமா வாங்கியவளிடம் எங்கே நிற்கிறாய் என்று ஒரு கேள்வியா?

இனி அந்த விஜயதசமி.

அலுவலகத்தில் தசராவுக்கு எல்லோருக்கும் லீவு. நான் கிறிஸ்துவப் பெண் என்பதால் அன்றைக்கு டூட்டி எனக்குத்தான் என்பது எழுதாத சட்டம். கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பதிலாக மற்றவர்கள் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அது பேச்சோடு சரி. முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் சாமான்களெல்லாம் கழுவித் துடைத்து, குங்குமப் பொட்டோடு மேஜையில் வரிசையாக இருந்தன. நான் என் சின்னப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்ரீராம்புராவில் ஒரு வீடு. முன்பக்கம் சத்தம் வருகிறது, பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வந்த தகவல்.

கேட்டைத் திறந்ததும் காரின் சொந்தக்காரர் கார்த்திக் ஓடிவந்தார். முப்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை. அவரும் தமிழர்தான். "மேடம், சத்தம்னு சும்மா சொன்னேன். நானே மாத்திடலாம்னு..." என்று இழுத்தார்.

போர்ட்டிகோ தரையில், செய்தித்தாள் விரித்து, கழற்றிய ஷாக் கிடந்தது. ஸ்ப்ரிங் அதன் மேல் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. புதுக் கிளாம்ப் இரண்டு. ஒன்று முழுக்க இறுகியிருந்தது, மற்றது பாதியில் நின்றிருந்தது. தலை நட்டு அதன் இடத்தில் இல்லை. அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

நான் உடனே தூணுக்குப் பின்னால் போனேன். அவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

"இந்த நட்டை ஏன் சார் கழட்டினீங்க?"

"வீடியோவுல கழட்டினான் மேடம்."

"வீடியோவுல ஸ்ப்ரிங் இப்படியா இருந்துச்சு?"

"இல்ல. நேரா இருந்துச்சு."

பாதியில் நின்ற கிளாம்ப்பின் திருகு மரையில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து திரண்டிருந்தது. கேட்கவே வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டேன். ஆன்லைனில் வாங்கிய புதுச் சாமான். எண்ணெய்ப் பிசுக்கோடு பூஜையில் வைப்பதா என்று சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, மரையில் இருந்த கிரீஸ் துளிகூட இல்லாமல் கழுவியிருக்கிறார். அவருடைய அம்மா விபூதியைக் குழைத்துப் பட்டை போட்டு, சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறார். ராத்திரி முழுக்கக் காய்ந்திருக்கிறது. பூஜை போட்டதைத் துடைக்கக்கூடாது என்று அப்படியே மாட்டி, பேட்டரி மெஷினால் முறுக்கியிருக்கிறார். கிரீஸ் இல்லாத மரைக்குள் விபூதி மணல் மாதிரி வேலை செய்திருக்கிறது. ஒன்று சிக்கிக்கொண்டது. சிக்காததை இன்னும் இன்னும் முறுக்கியிருக்கிறார். இந்த ஊரில் அந்த ஒரு நாளைக்கு எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார்.

இறுகிய கிளாம்ப்பின் மேல் கொக்கி சுருளின் விளிம்பில், விரல் நகம் அகலத்துக்குத்தான் பிடித்திருந்தது.

ஸ்ப்ரிங்கின் ஒரு முனை வீட்டு வாசல் கதவைப் பார்த்தது. உள்ளே அவருடைய அம்மா இருந்தார். மறு முனை மாடிப்படியைப் பார்த்தது. மாடியில், கீழ் வீட்டை இவர்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா ரத்னம்மா. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தசரா பார்க்க வந்த உறவுக்காரர்கள் கூட்டமாக அங்கே டிவியில் ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்கு அந்த ஒரு படிதான். கீழ் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது.

மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாம திறக்காத வேலை கணே. தொட்டா நம்மளது ஆயிடும். படம் எடுத்து அனுப்பிட்டு, கேட்டுக்கு வெளிய வந்துடு" என்றார். அது கம்பெனியின் விதி. சரியான விதிதான்.

கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். கார்த்திக் என் பின்னாலேயே வந்தார். "ஃபயர் சர்வீஸக் கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க. வந்தாலும் அவங்களுக்கும் நல்ல கிளாம்ப் வேணும்."

"அப்ப ஒரு சாக்கு போட்டு மூடி, மெதுவாத் தூக்கி, மூலையில வெச்சிடறேன். எல்லாரும் போனப்புறம் பாத்துக்கலாம்." சொல்லிக்கொண்டே உள்ளே நடந்தார்.

"சார், அதத் தூக்கினீங்கன்னா உங்க முகம் அதுக்கு மேல இருக்கும்" என்றேன். நின்றுவிட்டார்.

மாடியிலிருந்து ரத்னம்மா எட்டிப் பார்த்து, ஊர்வலம் முடியப் போகிறது, விளக்கலங்காரம் பார்க்க எல்லோரும் கிளம்ப வேண்டும், காரை எப்போது நகர்த்துவீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். உனக்கென்னம்மா, உனக்குப் பண்டிகை இல்லை என்றார். அவருக்கு என்னைத் தெரியாது; கழுத்துச் சங்கிலியில் சிலுவையைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

மறுபடி போன் செய்தேன். "மேடம், இது நம்ம வேலையான்னு கேக்கல. மாடியில இருக்கறவங்க இப்ப இறங்கப் போறாங்க. பூஜை மேஜையில இருக்கற பெரிய கிளாம்ப் நாலும் எனக்கு வேணும். நீங்க குடுக்கலைன்னா இந்த கேட்லயே நிப்பேன், வேற ஒண்ணும் செய்ய முடியாது."

மேடம் திருப்பிக் கேட்டார். "நீ எங்க நிக்கறே?"

"கேட்டுக்கு வெளிய."

"படிக்கு மேல யாரையாவது காவலுக்கு நிறுத்து. வரேன்."

ஊருக்குள் பாதை அடைத்திருந்ததால் ரிங் ரோடு சுற்றி ஸ்கூட்டரில் வந்தார். பட்டுப்புடவை, தலையில் மல்லிகை. முன்னால் சாக்குப் பையில் கிளாம்ப்கள், காரை இழுக்கும் கயிறு, ஒரு டப்பா கிரீஸ். கிளாம்ப்களில் நேற்று வைத்த பொட்டு அப்படியே இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் சொருகி, டீசல் துணியால் ஒவ்வொரு மரையையும் துடைத்தார். நான் கிரீஸ் தடவினேன்.

கார்த்திக்கின் அம்மாவைப் பின்னறைக்குப் போகச் சொன்னோம். வாசல் கதவுக்குக் குறுக்கே மெத்தையை நிமிர்த்திவைத்தார்கள். அதற்குப் பின்னால் கட்டில் பலகை. படியின் தலைப்பில் ரத்னம்மாவின் மருமகன் கையை விரித்து நின்றார். எதற்கென்று அவருக்கே முழுதாகத் தெரியாது. "எண்ணெய் கொட்டியிருக்கு, வழுக்கும்" என்று மேடம் சொல்லியிருந்தார்.

துணி காயப்போடும் கழியின் நுனியில் கயிற்றைக் கட்டி, தூணுக்குப் பின்னாலிருந்து நீட்டி, சுருளுக்குள் நுழைத்தேன். மறுபக்கம் மேடம் கொக்கிக் கம்பியால் இழுத்தார். ஸ்ப்ரிங்கையும் ஷாக்கையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினோம். கயிறு அதை நிறுத்திவிடும் என்பதற்காக அல்ல. போகிற வேகம் கொஞ்சம் குறையட்டும் என்பதற்காக.

இனிமேல் தூணுக்குப் பின்னாலிருந்து செய்ய முடியாது. பக்கவாட்டில் போய் மண்டியிட்டேன். முதல் கிளாம்ப்பை வளைவுக்கு ஒரு பக்கம், இரண்டாவதை நேர் எதிரே மாட்டினேன். உடம்பை எவ்வளவு தள்ளிவைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, கையை முழுக்க நீட்டி முறுக்க ஆரம்பித்தேன். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நீட்டிய கையில் பலம் பாதிதான் வரும். மீதியை மணிக்கட்டு போட வேண்டும்.

"மாத்திக்கலாமா?" என்றார் மேடம்.

"கனம் எனக்குப் பழகிடுச்சு மேடம். கை மாறினா தெரியாது."

நடுவில் ஒருதரம் 'டக்' என்றது. கார்த்திக் மாட்டியிருந்த கொக்கி சுருளின் மேல் ஒரு மயிரிழை சறுக்கியது. நான் கையை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தைரியம் என்று யாரும் எழுத வேண்டாம். மாடி டிவியில் பேண்டு வாத்தியம் கேட்டது. மேடம் என் தோளைப் பிடித்து ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார்.

மறுபடி முறுக்கினேன். வளைவு மெதுவாக நிமிர்ந்தது. ஒரு நேரத்தில், சிக்கிக்கொண்ட அந்தக் கிளாம்ப் ஒரு சத்தமும் இல்லாமல் தளர்ந்து சாய்ந்தது, பின்னாலேயே இறுகியிருந்ததும். கனம் முழுக்க எங்கள் கிளாம்ப்களுக்கு வந்துவிட்டது. கார்த்திக்கின் கிளாம்ப் இரண்டையும் கழியால் தட்டி எடுத்தோம். பாதுகாப்புக்கு மீதி இரண்டையும் மாட்டினோம். பிறகு திருப்பித் தளர்த்தும் வேலை. அது இன்னும் நீளம். அவசரப்பட்டால் இவ்வளவு நேரம் செய்தது வீண்.

கடைசியில் ஸ்ப்ரிங் தன் முழு நீளத்துக்கு நீண்டு, கயிற்றுக்குள் பொத்தென்று கிடந்தது. காலால் உருட்டினேன். உருண்டது.

கார்த்திக் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்துவிட்டார். "தேங்க்ஸ் மேடம்" என்று யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. மேடம் அவரிடம், "நாளைக்கு வந்து ரெண்டு பக்கமும் புதுசு போட்டுத் தரோம். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. துடைக்கக்கூட வேண்டாம்" என்றார்.

மெத்தையை எடுத்ததும் மருமகன் கையை இறக்கினார். ரத்னம்மா முதலில் வந்தார். போர்ட்டிகோவைப் பார்த்தார். டீசலும் கிரீஸும் அவருடைய ரங்கோலியின் ஒரு பக்கத்தை அழித்திருந்தன. பண்டிகை நாளும் அதுவுமாக இப்படியா, ஒரு மணி நேரமா எங்களை மேலே பூட்டிவைத்தது போதாதா, இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு கம்பியைக் கழற்ற இவ்வளவு நேரமா என்று கன்னடத்தில் பொரிந்தார்.

எனக்கு வாய்வரை வந்தது. மேடம் முந்திக்கொண்டார். "தப்பாயித்தம்மா" என்றார், தப்பாகிவிட்டது என்று. பட்டுப்புடவையில் தொடைவரை கிரீஸ். "கொஞ்சம் சோப்புப் பவுடர் கொடுங்கள், கழுவித் தருகிறோம்."

"சொல்லிடலாமே மேடம்" என்றேன் தாழ்ந்த குரலில்.

"சொன்னா அந்தப் படியில இனிமே நிம்மதியா இறங்குவாங்களா? விடு கணே."

பவுடர் வந்தது. மண்டியிட்டேன். பிரஷ்ஷைப் பிடிக்கப் போனால் வலது கை மூடவில்லை. விரல்கள் விரிந்தபடியே நின்றன. இடது கைக்கு மாற்றிக்கொண்டு தேய்த்தேன். மாடி உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். புதுப்புடவைகள், தூங்கி வழியும் ஒரு குழந்தை, மூட்டு வலியோடு ஒரு பெரியவர். நான் நீரைப் பக்கத்தில் ஒதுக்கி வழிவிட்டேன். அவர்கள் ஸ்ப்ரிங்கைத் தாண்டி, என் கையைத் தாண்டி, விளக்கு பார்க்கப் போனார்கள்.

"அந்த ஓரத்துல இன்னும் போகல பாரு" என்றார் மேடம், தண்ணீர் வாளியோடு.